நிலத்துக்கும் ஒரு படிப்பு உண்டு



சென்ற வாரம் எங்கள் தோட்டத்து அம்மா ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்திருந்தார். மகள் எஸ்.டி.பி.எம். தேறியவள்.

"வாத்தியாரையா, நெலம், வீடு சம்பந்தமா யூனிவர்சிட்டியிலே படிக்கணுங்கறா இவ. வீடு விக்கிறதுக்கு ஒரு படிப்பான்னு லயத்துலே சிரிக்கிறாங்க. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்" என்றார்.

அந்தச் சிரிப்புக்கு இம்மாதம் பதில் எழுதுகிறேன்.

நம்மில் பலருக்கு லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் இதை நம் பெரியவர்கள் கண்ணால் கண்டார்கள். அதனால்தான் 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் வெட்டிய கூலியிலிருந்து மாதம் பத்து வெள்ளி கட்டிச் சேர்ந்தார்கள். நிலம் வாங்கப் பணம் சேர்த்தோம். ஆனால் நிலத்தின் சட்டத்தையும் கணக்கையும் படிக்க எத்தனை பிள்ளைகளை அனுப்பினோம்?

அந்தப் படிப்பில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். முதலாவது சட்டம். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, கிராண்டில் யார் பெயர் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். கைமாற்றுவதற்கு 14ஏ பாரம். வங்கிக்கு அடமானம் வைப்பதற்கு 16ஏ பாரம். தவணை கட்டத் தவறினால் வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர முடியும். கையெழுத்துப் போடும்முன் நில அலுவலகத்தில் அந்த நிலத்தின் பதிவைத் தேடிப் பார்ப்பது எப்படி என்பதையும் கற்பிக்கிறார்கள்.

இரண்டாவது மதிப்பீடு. ஒரு வீட்டின் விலை 250,000 வெள்ளி என்று விற்பவர் சொல்கிறார். வங்கிக்கு மதிப்பீடு செய்பவர், பக்கத்தில் விற்ற வீடுகளோடு ஒப்பிட்டு 230,000 என்கிறார். வங்கி குறைந்த தொகையைத்தான் கணக்கில் எடுக்கும். அதில் 90 சதவீதம் 207,000. ஆக, நம் கையிலிருந்து போடவேண்டியது 25,000 அல்ல, 43,000! இது தெரியாமல் முன்பணம் கொடுத்துவிட்டுத் தவித்தவர்களை நான் அறிவேன்.

மூன்றாவது கடன் கணக்கு. 100,000 வெள்ளிக் கடன், வட்டி 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 35 ஆண்டுகளில் கட்டினால் மாதம் சுமார் 443 வெள்ளி. மொத்தம் ஏறக்குறைய 186,000. இருபதே ஆண்டுகளில் கட்டினால் மாதம் சுமார் 606. மொத்தம் 145,400 அளவில் முடிந்துவிடும். மாதத் தவணை குறைகிறதே என்று மகிழ்கிறோம். நாற்பதாயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுவதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

சரி, படிக்க வழி என்ன? மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இதற்குப் பட்டப் படிப்பு உண்டு. பட்டம் பெற்றபின் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் பயிற்சி பெற்று, தொழில்திறன் தேர்வு எழுதி, தானும் மதிப்பீட்டாளராகலாம். டிப்ளோமா படித்து, இரண்டாண்டுப் பயிற்சி முடித்து, தேர்வில் தேறினால் வீட்டு நில முகவராகலாம். வங்கிக் கடன் பிரிவில் சேருவோருக்கு ஆசியப் பட்டய வங்கியாளர் கழகம் தனித் தேர்வுகள் நடத்துகிறது.

இரண்டு நாள் வகுப்பு முடித்து, பதிவுபெற்ற நிறுவனத்தின் கீழ் விற்பனைப் பேச்சாளராவதும் உண்டு. அது கேவலமான தொழில் அல்ல. ஆனால் பெரும்பாலும் விற்றால்தான் கமிஷன். இரண்டு நாள் வகுப்பும் நான்காண்டுப் படிப்பும் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். லயத்தில் சிரித்தவர்கள் செய்த தவறு அதுதான்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். தனியார் கல்லூரியில் டிப்ளோமாவுக்குப் பணம் கட்டும்முன், அதை மதிப்பீட்டாளர், முகவர் தொழிலைக் கண்காணிக்கும் வாரியம் ஏற்றுக்கொள்கிறதா என்று வாரியத்திடமே கேளுங்கள். பி.டி.பி.டி.என். உதவியும் கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும். அந்தக் கணக்கையும் முதல் நாளே போட்டுப் பாருங்கள்.

அந்த அம்மாவிடம் இத்தனையும் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, மடியிலிருந்து மடித்து வைத்த ஒரு காகிதத்தை எடுத்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன், டவுனில் மலிவு வீடு வாங்கித் தருவதாகச் சொன்ன ஓர் ஆளிடம் ஆயிரம் வெள்ளி ரொக்கமாகக் கொடுத்த ரசீது. அதில் நிறுவனத்தின் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. ஆளையும் அப்புறம் காணவில்லை.

மகள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பவே எனக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனாம்மா?" என்றாள்.

அம்மா என் பக்கம் திரும்பி, "பாரத்தை நிரப்பிக் குடுங்கய்யா" என்றார்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை கேட்டால் சிரிக்காதீர்கள். உட்காரவைத்துப் பேசுங்கள். ஒரு பிள்ளை படித்தால் அந்த வீடு மட்டுமல்ல, லயம் முழுவதும் கையெழுத்துப் போடும்முன் போய்க் கேட்க ஓர் ஆள் கிடைக்கும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.