ஆதாமையும் விசாரித்தே தண்டித்தார்

மதச் சபையொன்று தன் கோட்பாட்டைத் தானே வகுத்துக்கொள்ளவும், அதனை மீறுவோரை விலக்கவும் உரிமையுடையது. இதனை நாம் மறுக்கவில்லை. வேலியில்லாப் பயிர் வீடு வந்து சேராது என்பதைக் கமக்காரருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் வேலி கட்டும் உரிமை வேறு. முறையான விசாரணையின்றி ஒருவனை வேலிக்கு வெளியே தள்ளும் அதிகாரம் வேறு. பின்னதையே நாம் எதிர்க்கின்றோம்.

இலங்கை கண்ட வழக்கொன்றை நோக்குவோம். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த வண. திஸ்ஸ பாலசூரிய அடிகளார் 1990 ஆம் ஆண்டில் 'மரியாளும் மானிட விடுதலையும்' என்ற நூலை வெளியிட்டார். 1994 இல் இந்நாட்டு ஆயர்கள் அந்நூலைக் குறித்து எச்சரித்தனர். உரோமாபுரியின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அவருக்கென்றே ஒரு விசுவாச அறிக்கையை வரைந்து, கையொப்பமிடுமாறு கேட்டது. அவர் அதற்கு இணங்காது, பாப்பரசர் ஆறாம் பவுலின் விசுவாச அறிக்கையில், தமது வாசகமொன்றைச் சேர்த்து ஒப்பமிட்டார். பேராயம் அதனை ஏற்கவில்லை. 1997 சனவரி 2 ஆந் திகதியிட்ட அறிவித்தல், எழுபத்திரண்டு வயதுக் குருவானவரைத் திருச்சபைக்குப் புறம்பாக்கியது.

எழுத்து மூலம் அவர் விளக்கம் கொடுத்தது உண்மை. ஆயினும் நேர்முக விசாரணை தமக்கு அளிக்கப்படவில்லை என்பதே அவரது முறைப்பாடு. பாப்பரசரே முடிவை அங்கீகரித்துவிட்டமையால் மேன்முறையீட்டுக்கும் வழியில்லாது போயிற்று. குற்றங் கண்டதும் தீர்ப்பளித்ததும் ஒரே பேராயமே.

"திருச்சபை நீதிமன்றமன்று, அதற்குச் சட்டப் புத்தகம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு 1723 ஆம் ஆண்டு வழக்கொன்று மறுமொழி சொல்லும். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் பென்ட்லி என்னும் அறிஞரை அழைத்து விசாரியாமலே அவருடைய பட்டங்களைப் பறித்தது. ஆங்கில நீதிமன்று அவற்றைத் திருப்பிக் கொடுக்கக் கட்டளையிட்டது. அப்போது நீதிபதி ஒருவர் ஏதேன் தோட்டத்தைச் சுட்டிக் காட்டினார். எல்லாம் அறிந்த இறைவனே ஆதாமை விளித்து, விலக்கிய கனியை உண்டாயோ என வினவி, அவன் சொல்வதைக் கேட்ட பின்னரே தண்டித்தார் என்பது அவர் வாதம். மத்தேயு நற்செய்தியின் 18 ஆம் அதிகாரமும் இதே ஒழுங்கையே விதிக்கிறது: முதலில் தனிமையில் எடுத்துச் சொல், பின் ஓரிரு சாட்சிகளுடன் சொல், அதன்பின் சபைக்கு அறிவி, அதற்கும் செவிசாயாதவனையே விலக்கு. ஆகவே நாம் கேட்பது புதுமையன்று, வேதத்தில் உள்ளதே.

பேச்சுவார்த்தையின் பின், அடிகளார் தம் வாசகத்தை நீக்கி ஒப்பமிட, 1998 சனவரி 15 இல் விலக்கு நீங்கியது. கூடிப் பேசி ஓராண்டின் பின் தீர்க்க முடிந்த பிணக்கை, தண்டிக்கு முன்னரே அவ்வாறு தீர்க்க முயன்றிருக்கலாகாதா?

உலகறிந்த குருவுக்காகக் குரல் கொடுக்கப் பலர் இருந்தனர். கிராமத்துச் சிறு சபையில் ஒதுக்கப்படும் ஏழைக்கு யார் உளர்? அவன் இழப்பது ஞாயிறு ஆராதனையை மட்டுமன்று. கலியாண வீட்டிலும் சாவீட்டிலும் உறவையும் இழக்கின்றான். ஆதலின் எந்தச் சபையாயினும் நான்கு முறைகளைக் கைக்கொள்ளல் வேண்டும். குற்றச்சாட்டு எழுத்தில் தரப்படுக, குற்றஞ்சாட்டப்பட்டவர் நேரில் கேட்கப்படுக, குற்றஞ்சாட்டியவரே தீர்ப்பளியாதிருக்க, மேன்முறையீட்டுக்கு வழி விடப்படுக.

இவற்றால் எந்த விசுவாசமும் குன்றிவிடாது. ஏதேனில் இறைவன் செய்த விசாரணையை, அவர் பெயரால் ஆளும் மனிதர் செய்யத் தயங்குவதேன்?