பருவுக்குப் பேதி மாத்திரையா?

முகத்தில் நாலு பரு கிளம்பினால் போதும். "வயிறு சுத்தமா இல்லே, பேதிக்குச் சாப்பிடு" என்று வீட்டில் தீர்ப்பு வந்துவிடுகிறது. மாத்திரையை விழுங்கிவிட்டு, மறுநாள் துவண்டுபோய்ப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எத்தனையோ!

வயிற்றைக் கழுவினால் முகம் தெளியுமா? தெளியாது.

பருவ வயதில் ஹார்மோன் கூடுகிறது. தோலுக்கு அடியில் உள்ள சுரப்பிகள் எண்ணெயை அதிகமாகச் சுரக்கின்றன. மயிர்க்கால் துவாரம் அடைபட்டு, உள்ளே கிருமி பெருகி, வீங்கிச் சிவக்கிறது. அதுதான் பரு. குடலுக்கும் தோலுக்கும் தொடர்பு உண்டு என்று 1930-லேயே ஸ்டோக்ஸ், பில்ஸ்பரி என்ற அமெரிக்க டாக்டர்கள் எழுதினார்கள். ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது. அதற்காகப் பேதி மாத்திரை மருந்தாகிவிடாது. உடம்பில் உள்ள நீர்தான் வற்றும்!

சர்க்கரைதான் வில்லன்

அப்படியானால் சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது.

1969-ல் அமெரிக்காவில் சிலருக்குச் சாக்லேட்டும், மாற்றாக வேறொரு மிட்டாயும் கொடுத்துப் பார்த்தார்கள். பருவில் வித்தியாசம் இல்லை. சாக்லேட் தப்பித்தது! ஆனால் அந்த மிட்டாயிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறக்குறைய அதே அளவு. பிறகு எப்படி வித்தியாசம் தெரியும்?

2007-ல் ஆஸ்திரேலியாவில் 43 வாலிபர்களை 12 வாரம் சோதித்தார்கள். ரத்தத்தில் சர்க்கரையை மளமளவென்று ஏற்றாத உணவு சாப்பிட்டவர்களுக்குப் பரு அதிகமாகக் குறைந்தது.

ஆகவே, கணக்குப் பார்க்க வேண்டிய இடம் டீக்கடை. நாளைக்கு நாலு டீ, சாயந்திரம் ஒரு கலர், ராத்திரி மைதா புரோட்டா... இதில் பாதியைக் குறைத்துப் பார்க்கலாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் கிடைக்காது. ஆனால் நஷ்டம் ஒன்றும் இல்லை, காசும் மிச்சம்!

களிம்பு உஷார்!

பேதி மாத்திரையைவிட மோசம், "வெள்ளையாக்கும்" ஸ்டீராய்டு களிம்பு. முதலில் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலியும், பரு இன்னும் கிளம்பும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கத் தடை போட்டது. "பரவாயில்லே, ஒண்ணு குடுங்க" என்று கேட்கிறவர்களும் தப்பு. எடுத்து நீட்டுகிற கடைக்காரர்களும் தப்பு.

சென்னை அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் தோல் பிரிவு இருக்கிறது. காசு வாங்குவதில்லை. வடு விழுந்த பிறகு ஓடுவதைவிட, பரு பெருகும்போதே பிள்ளையை அங்கே அழைத்துப் போவதுதான் பெற்றோருக்கு அழகு.