ஜெனரல் பெட்டியில் இடம் யாருக்கு?

விடுமுறை நெருங்கிவிட்டது. விடுதி வராந்தாவில் இரண்டு தமிழர்கள் சந்தித்தால், "பரீட்சை எப்படி?" என்று கேட்பதில்லை, "டிக்கெட் கிடைத்ததா?" என்றுதான் கேட்கிறார்கள். பரீட்சையில் தேறுவதாவது ஓரளவு நம் கையில் இருக்கிறது. ரயிலில் படுக்கை கிடைப்பது அப்படியா? முன்பெல்லாம் 120 நாட்களுக்கு முன்னதாகவே முன்பதிவு தொடங்கிவிடும். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாட்களாகிவிட்டது. தேதி தெரியாமல் தவிக்கும் மாணவர்களுக்கு இது ஒருவகையில் அநுகூலமே. ஆனாலும் பரீட்சை அட்டவணை அறிவிப்புப் பலகைக்கு வரும் நாளில் படுக்கைகள் பறந்துபோயிருக்கின்றன. இணையத்தில் வாங்கிய காத்திருப்புச் சீட்டோ, பிரயாணிகள் பட்டியல் தயாரானதும் தானாகவே ரத்தாகிவிடுகிறது. கடைசியில் எஞ்சுவது ஜெனரல் பெட்டி ஒன்றுதான்.

டில்லியிலிருந்து சென்னைக்குச் சுமார் 2,180 கிலோமீட்டர். முப்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணம். அதை உட்கார்ந்து கழிப்பதா, ஒற்றைக் காலில் தவம் செய்து கழிப்பதா என்பது வண்டி புறப்படுவதற்கு முந்திய பத்து நிமிடங்களில் தீர்மானமாகிவிடுகிறது. அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

முதலில் நம் கையிலுள்ள சீட்டு எத்தகையது என்று பார்ப்போம். அது இருக்கைக்கு வாங்கிய சீட்டன்று. ஏறுவதற்கு வாங்கிய அநுமதி. பெட்டியில் எத்தனை பேருக்கு இடம் உண்டு என்பதைப் பார்த்து அதை விற்பதில்லை. பெரம்பூர் தொழிற்சாலையில் உருவான பழைய வகைப் பெட்டியில் 90 பேர் அமரலாம், எல்.எச்.பி. என்ற புதிய வகையில் 100 பேர். ஆனால் 300 பேர் சீட்டு வாங்கினாலும் முந்நூறு பேருக்கும் அந்தப் பெட்டியில் ஏற ஒரே உரிமைதான். ஆகவே இடம் என்பது அங்கே பணத்தால் கிடைப்பதன்று. முந்தி வந்தவனுக்கோ, முரடனுக்கோ, இரக்கமுள்ளவர் பக்கத்தில் நின்றவனுக்கோ அது கிடைக்கிறது.

நல்ல இடம் எது? புதிதாக வந்த தம்பிமார் எல்லோரும் ஜன்னலோரத்துக்குத்தான் பாய்கிறார்கள். மே மாதத்தில் நாகபுரியையும் பல்ஹார்ஷாவையும் பகலில் கடந்தவர்கள் அந்த ஜன்னலின் அருமையை அறிவார்கள்! அடுப்பு வாயில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். டிசம்பர் இரவிலோ குவாலியர் தாண்டுவதற்குள் பற்கள் தாளம் போடும். கதவோர இடம் காற்றுக்கு நல்லது; ஆனால் கழிப்பறைக்குப் போகிறவரும் வருகிறவரும் நம் காலைத்தான் படிக்கட்டாகக் கொள்வார்கள். மேலே சாமான் பலகை இருக்கிறதே, அதைப் பிடித்தவன் பாக்கியசாலி என்பது பொதுவான அபிப்பிராயம். காலை நீட்டிப் படுக்கலாம், உண்மை. இறங்கினால் ஏற முடியாது என்பதும் உண்மை. ஜான்சியில் ஏறிப் படுத்த ஒருவர் விஜயவாடா வரை டீயையும் வடையையும் கீழே இருப்பவர்களின் கருணையால் பெற்றுக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். பெட்டியின் நடுப்பகுதியில், ஜன்னலுக்கு அடுத்த இடமே உத்தமம் என்பது என் துணிபு. வெயிலும் குளிரும் பக்கத்து நண்பருக்கு. சாய்ந்து தூங்க இரண்டு தோள்கள் நமக்கு.

அதை நேர்மையாகப் பெற வழிகள் உண்டு. வண்டியை நடைமேடையில் கொண்டுவந்து நிறுத்தும்போதே அங்கே இருக்க வேண்டும். ஜெனரல் பெட்டிகள் பெரும்பாலும் வண்டியின் முனைகளில் இருக்கும். மாடிப்படிக்கு அருகிலுள்ள முனையில்தான் கூட்டம் குழுமும். கோடிவரை நடக்கச் சோம்பாதவனுக்கு மறுமுனையில் இடம் கிடைப்பதுண்டு. பீரோ அளவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். இருவராகச் சென்றால் ஒருவர் சாமானைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் வெறுங்கையுடன் ஏறலாம். இவ்வளவுதான் வித்தை.

இதோடு நாம் நிறுத்திக்கொள்வதில்லை என்பதுதான் என் புகார். ஜன்னல் வழியே கைக்குட்டையை எறிந்துவிட்டு, "இது என் இடம்" என்று வாதாடுகிறோம். கைக்குட்டை என்ன, பத்திரப்பதிவு ஆபீசில் பதிவான கிரயப் பத்திரமா? சில ஊர்களில் யார்டிலேயே ஏறித் துண்டு விரித்து இடம் பிடித்து, பிறகு அதைத் தலைக்கு இவ்வளவு என்று விற்கும் ஆசாமிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் கூட்டாகப் பணம் வசூலித்துக் கொடுத்து வாங்குவதைச் சாமர்த்தியம் என்று நம்மில் சிலர் மெச்சிக்கொள்கிறார்கள். விலையே இல்லாத பொருளுக்கு விலை வைத்தவனைவிட, அதைக் கொடுத்தவன் எந்த விதத்தில் உயர்ந்தவன்? அந்த விலையைக் கொடுக்க முடியாத கூலிக்காரக் குடும்பம் கழிப்பறை வாசலில் முப்பது மணி நேரம் குந்தியிருக்கிறது.

அடுத்தது கதவு. பத்துத் தமிழ் மாணவர்கள் ஒரு பகுதியைப் பிடித்துவிட்டால் அது தனி நாடாகிவிடுகிறது! வகுப்பில் ஹிந்தி பேசத் தடுமாறும் நண்பர்கூட, "ஜகா நஹீ ஹை" என்பதை மட்டும் டில்லிக்காரனே அதிசயிக்கும்படி உச்சரிக்கிறார். ஆக்ராவிலும் ஜான்சியிலும் குழந்தைகுட்டியோடு ஓடிவருகிறவர்கள் நம்மிடம் கேட்கும் முதல் வாசகம் அதுதான். "இந்த ஊரில் நம்மை அந்நியராக நடத்துகிறார்கள்" என்று சங்கக் கூட்டங்களில் உருக்கமாகப் பேசுகிறோமே, அந்தக் கதவுக்கு இப்பால் நின்றதும் அந்தப் பேச்சு எங்கே போகிறது?

சட்டமும் இதைப் பற்றிச் சும்மா இருக்கவில்லை. 1989-ஆம் ஆண்டு இயற்றிய ரயில்வே சட்டத்தின் 155-ஆம் பிரிவு, தனக்கென ஒதுக்கப்படாத பெட்டியில் மற்றொரு பிரயாணி முறைப்படி ஏறுவதைத் தடுப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்று எழுதியிருக்கிறது. எவரும் அதைக் கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வியாதி பழையது. 1917-இல் காந்தியடிகள் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்து, அந்தக் கதையை அதே ஆண்டில் எழுதினார். 22 பேருக்கு என்று எழுதியிருந்த பெட்டி. பூனா வரை அந்த எண்ணிக்கை மீறாததற்குக் காரணம், உள்ளே இருந்த துணிச்சல்காரர்கள் வெளியே நின்றவர்களை நெருங்கவிடாமல் விரட்டியதுதான் என்கிறார். ராய்ச்சூருக்குப் பிறகு அந்த வீரர்களாலும் தாக்குப்பிடிக்க முடியவில்லை; இரவின் பெரும்பகுதி 35 பேர் அடைந்து கிடந்தார்களாம். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-இல் ஒழிந்தது. துணிச்சல்காரர்கள் மட்டும் ஒழியவில்லை.

"மூன்று மணி நேரம் முன்னால் வந்து காத்துக் கிடந்து பிடித்த இடத்தை, கடைசி நிமிடத்தில் ஏறியவனுக்கு ஏன் விட வேண்டும்?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விட வேண்டாம் என்பதே என் பதில். காத்திருந்து உட்கார்ந்தவனை எழுப்ப யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அவன் உட்கார்ந்த இடம்தான் அவனுடையது. பக்கத்தில் அவனுடைய பை உட்கார்ந்திருக்கும் இடம் அவனுடையதன்று. பலகையில் அவன் நீட்டியிருக்கும் காலுக்குத் தனிச் சீட்டு வாங்கவில்லை. நடைவழியும் கதவும் யாருக்கும் சொந்தமில்லை. இந்த வேற்றுமையை ஒப்புக்கொண்டாலே ஒரு பகுதியில் இன்னும் மூவர் உட்கார இடம் பிறக்கும். இரவில் முறை வைத்து உட்காருவதும் நடக்காத காரியமன்று. தாமே அப்படிப் பங்கிட்டுக்கொள்ளும் தொழிலாளிகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். படித்த நமக்குத்தான் அது தோன்றுவதில்லை.

நம் சங்கத் தோழியரில் பலர் ஜெனரல் பெட்டி என்றாலே பின்வாங்குகிறார்கள். கூட்டத்துக்கு மட்டுமா அஞ்சுகிறார்கள்? அந்த வாசலில் நடக்கும் மல்யுத்தத்துக்கும் அஞ்சுகிறார்கள். தோள்வலிதான் தகுதி என்று வைத்துவிட்டால் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் அங்கே என்ன வழி?

முண்டியடித்தல் வெறும் அநாகரிகம் என்றே நினைத்திருந்தவர்களுக்கு 2025 பிப்ரவரி 15-ஆம் தேதி இரவு பதில் சொன்னது. கும்பமேளாக் கூட்டம் புது டில்லி நிலையத்தில் நெருக்குண்டு 18 பேர் மாண்டனர். நாம் வழக்கமாக வண்டி ஏறும் நிலையம்தான் அது.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. 2021-இல் மும்பை சென்ட்ரல், பாந்த்ரா நிலையங்களில் ஓர் இயந்திரம் வைத்தார்கள். ஜெனரல் பெட்டிப் பிரயாணி கைரேகை பதித்தால் வரிசை எண்ணுடன் ஒரு டோக்கன் கிடைக்கும். அந்த எண்ணின்படி ஏறலாம். வெயிலில் மணிக்கணக்காக நிற்க வேண்டாம். துண்டு விரிப்பவனுக்கும் வேலை இல்லை. முழுவதும் முன்பதிவில்லாத அந்த்யோதயா வண்டி ஒன்றைத் தாம்பரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே விட்டிருக்கிறார்கள். கோடை விடுமுறையிலாவது டில்லிக்கும் சென்னைக்கும் இடையே அத்தகைய வண்டிகளும், இங்கே அத்தகைய டோக்கன் முறையும் வேண்டுமென்று நம் சங்கம் ரயில்வேக்கு எழுத வேண்டும். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் செலவிடும் உழைப்பில் ஒரு துளி போதும்.

எழுதுகிற கை சுத்தமாக இருந்தால்தானே கடிதத்துக்கு மதிப்பு? எனவே அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். சங்கத்தின் பெயரால் கூட்டாகப் பிரயாணம் செய்வோர் இடம் விற்பவனுக்குக் காசு கொடுப்பதில்லை. சாமான் பலகைக்கு அடியில் இருக்கும், பலகைமேல் இராது. கதவை உள்ளே இருந்து அடைப்பதில்லை. கைக்குட்டைக் கட்சியார் திரளாக வந்து எதிர்க்கப்போவதாகக் கேள்வி. வரட்டும். முன்வரிசை நாற்காலிகளில் கைக்குட்டை போட்டுவைக்காமல் வந்தால் சரி.