ஜாபிதாவும் விமரிசனமும்

சென்ற மாதம் தபாலில் வந்து சேர்ந்த ஒரு சகோதரப் பத்திரிகையின் ஆண்டு மலர், தன் பக்கங்களில் முக்காற்பங்கை ஒரே காரியத்துக்கு அர்ப்பணம் செய்திருந்தது: ரயில் வரும் திரைப்படங்கள் நூறு. சினிமா அபிமானிகள் பலர் கூடி ஓராண்டுக் காலம் பிரயாசைப்பட்டுத் திரட்டிய ஜாபிதா இது என்று முகவுரை தெரிவிக்கிறது. அந்தப் பிரயாசையை நாம் சந்தேகிக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் வரிசை எண், ஆண்டு, இயக்குநர் பெயர், எஞ்சின் நீராவியா டீசலா மின்சாரமா என்ற குறிப்பு, ரயில் திரையில் எத்தனை நிமிஷம் தென்படுகிறது என்ற கணக்கு ஆகிய யாவும் கட்டம் கட்டித் தரப்பட்டிருக்கின்றன. இத்தோடு நின்றிருந்தால், விடுபட்டுப்போன இரண்டு மூன்று படங்களைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிவைத்து, மலரை அலமாரியில் சேர்த்துவிட்டு, நாம் நம் வேலையைப் பார்த்திருப்போம். ஆனால் முகவுரையை எழுதியவர், நெடிய விமரிசனக் கட்டுரைகளின் காலம் முடிந்துவிட்டது என்றும், இனிப் பட்டியலே விமரிசனம் என்றும் ஒரு பிரகடனம் செய்திருக்கிறார். இந்தத் தலையங்கம் அந்த ஒரு வாக்கியத்தினால் விளைந்தது.

முதலில் சிறிய விஷயம். ஜாபிதாவின் முதல் எண், லா சியோத்தா நிலையத்தில் ரயில் வந்து நிற்பதை லூமியேர் சகோதரர்கள் பிடித்த, ஒரு நிமிஷமும் நிறையாத அந்தப் படம். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரத்தின் கிராண்ட் கஃபேயில் கட்டணம் வாங்கிக் காட்டிய முதல் காட்சியிலேயே அது இடம்பெற்றது என்றும், பாய்ந்துவரும் எஞ்சினைக் கண்டு ஜனங்கள் அலறியடித்து ஓடினார்கள் என்றும் குறிப்பு சொல்லுகிறது. அன்று காட்டப்பட்ட படங்கள் பத்து. அந்தப் பத்தில் ரயில் இல்லை. அது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது அடுத்த மாதம்தான். ஜனங்கள் ஓடிய கதைக்கோ அந்நாளைய சாட்சியம் ஒன்றும் அகப்படவில்லை என்று சரித்திரக்காரர்கள் சொல்லி வெகுகாலமாயிற்று. ஆனால் 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஹோட்டலில் லூமியேர் கம்பெனியார் காட்டிய ஆறு படங்களில் ரயில் வருகையும் ஒன்று. பாரிஸின் முதல் காட்சிக்கு வராத ரயில் பம்பாயின் முதல் காட்சிக்கு வந்து சேர்ந்தது என்ற ரசமான விஷயம், நூறு படங்களைத் தேடிய அபிமானிகளில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறோம் என்று வாசகர் கேட்கலாம். கட்டுரை எழுதுகிறவன் ஒரு தேதியில் வழுக்கினாலும் அவன் வாதம் அவனைத் தாங்கிப் பிடிக்கக்கூடும். வாதமே இல்லாத ஜாபிதாவுக்குப் பிழையின்மை ஒன்றுதான் தர்மம், அந்த தர்மம் முதல் எண்ணிலேயே தவறியிருக்கிறது.

பட்டியல் என்னும் வடிவத்தின் மேல் நமக்குப் பகை கிடையாது. பகை கொள்ளவும் முடியாது. ஒரே மூச்சில் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயரை அடுக்கிய கபிலருடைய மொழியில் அல்லவா நாம் எழுதுகிறோம்! குறிஞ்சிப்பாட்டின் அந்தப் பூ வரிசையைத் தாவர சாஸ்திரத்துக்கு உதவும் சாசனமாகப் போற்றுகிறவர்கள், அதைச் சொல்லுகிறவள் யார், யாரிடம், எந்தச் சமயத்தில் சொல்லுகிறாள் என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். தலைவியின் களவொழுக்கத்தைச் செவிலித்தாயிடம் வெளியிட்டே தீரவேண்டிய நெருக்கடியில் தோழி நிற்கிறாள். சொன்னால் என்ன நேருமோ என்ற அச்சம் ஒருபுறம், சொல்லாவிட்டால் தலைவியை இழந்துவிடுவோம் என்ற அச்சம் மறுபுறம். அந்த இக்கட்டில், அருவியாடிய பகலையும் பறித்துப் பாறைமேல் குவித்த பூக்களையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்கும்போது, கடினமான வார்த்தையை நாவில் எடுப்பதற்கு முன்னால் அவள் கொஞ்சம் காலம் வாங்கிக்கொள்கிறாள். அந்த ஜாபிதாவுக்குள் ஒரு பெண்ணின் மூச்சு இருக்கிறது. ரயில் ஜாபிதாவுக்குள் யாருடைய மூச்சு இருக்கிறது என்று நூறு எண்களையும் இரண்டு முறை படித்தும் நமக்குப் புலப்படவில்லை.

தொகுப்பாளர்களுடைய பரம்பரையும் நமக்கு அந்நியமன்று. அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மன் நானூறு பாட்டுக்களை எண்ணிட்ட முறையைப் பாருங்கள்: ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பாலை, இரண்டிலும் எட்டிலும் முடிவன குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். பாட்டைப் படிக்குமுன், எண்ணைக் கேட்ட மாத்திரத்தில் எந்த நிலத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடுகிறது. அங்கே எண் என்பது ஸ்தலம், தராதரம் அன்று. முதலாம் பாட்டு முந்நூறாம் பாட்டைவிட உயர்ந்தது என்று அந்தத் தொகுப்பு ஓரிடத்திலும் சாதிக்கவில்லை. இருநூறு பாட்டுக்களைப் பிரிவுக்கு ஒதுக்கிய அந்த ஒழுங்கில், மனித வாழ்வில் பாதி பிரிவுதான் என்ற ஒரு தரிசனமும் மறைந்துகிடப்பதாக நமக்குத் தோன்றுவதுண்டு. பட்டியலே விமரிசனம் என்று யாராவது மார்தட்டிக்கொள்ளலாம் என்றால், உருத்திரசன்மன் தட்டிக்கொள்ளட்டும், நாம் ஆட்சேபிக்கமாட்டோம்.

நம் வாதத்தின் மையத்துக்கு வந்துவிட்டோம். ரயில் கருப்பொருள். பறவையும் பறையும் மரமும் நீரும் எப்படியோ அப்படி. அது இருப்பதனால் மட்டும் ஒரு படம் எந்தத் திணையிலும் சேர்ந்துவிடாது. உரிப்பொருள் என்ன என்று கேட்கவேண்டும். இதற்குச் சத்யஜித் ராயின் அபு படங்கள் மூன்றைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. ஜாபிதாவில் அவை 11, 12, 13 என்று அருகருகே, 'ரயில்: நீராவி' என்ற ஒரே முத்திரையுடன் நிற்கின்றன. 'பதேர் பாஞ்சாலி'யில், இரவில் எங்கிருந்தோ கேட்கும் ஊதல்தான் முதலில் ரயில். பிறகு நாணல் பூத்த வெளியைக் கடந்து ஓடும் குழந்தைகளுக்கு அது கறுத்த புகையாகத் தரிசனம் தருகிறது. விபூதிபூஷணின் நாவலில் துர்கா ரயிலைக் காணாமலே செத்துப்போகிறாள் என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த ஓட்டத்தின் பின்னால் ஒரு நிழலும் தெரியும். 'அபராஜிதோ'வில் அதே ரயில், வயலுக்கு அப்பால் போகிற வண்டியைப் பார்த்தபடி மகனுக்காகக் காத்திருக்கும் தாயினுடையது. நிலையம்வரை போன பிள்ளை, வண்டி தவறிவிட்டது என்று பொய் சொல்லித் திரும்பிவந்து இன்னும் ஒருநாள் அவளுடன் தங்குகிறானே, அந்தப் பொய்யில் முல்லையும் பாலையும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. 'அபுர் சன்ஸார்' படத்திலோ அது கல்கத்தாவின் மொட்டைமாடி அறைக்குக் கீழே ஓயாது கூவும் இரைச்சல். மனைவியை இழந்தவன் தன் உயிரைக் கொடுக்க நின்ற தண்டவாளம். கடைசியில், தகப்பன் வாங்கிவந்தும் பிள்ளை ஏற்காத ஒரு பொம்மை. டைரக்டர் ஒருவர், கருப்பொருள் ஒன்று, உரிப்பொருள் மூன்று. 'ரயில்: நீராவி' என்று எழுதியவரை நாம் எப்படி விமரிசகர் என்று அழைப்பது?

நாணல் பூவைச் சொன்னோம் அல்லவா? 1952 அக்டோபரில் அந்தக் காட்சியில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, மறுவாரம் போனபோது மாடுகள் பூக்களை மேய்ந்துவிட்டன. அடுத்த பருவத்தில் நாணல் மீண்டும் பூக்கும்வரை ராய் ஓராண்டு காத்திருந்தார். ரயில் எத்தனை நிமிஷம் வருகிறது என்ற கட்டத்தில் அந்த ஓராண்டை எங்கே எழுதுவது என்று ஜாபிதாக்காரர்கள் நமக்குக் காட்டட்டும்.

தமிழ்ப் படங்களுக்கு நேர்ந்த கதியும் இதுவே. 1978-இல் வெளிவந்த 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் காதலர்கள் செய்தி பரிமாறிக்கொள்வது ரயிலின் கடைசிப் பெட்டியில் எழுதி. கிள்ளையும் அன்னமும் மேகமும் நெஞ்சும் சுமந்த தூதை ரயிலின் முதுகில் ஏற்றிவிட்ட படம் அது. ஆயிரத்தைந்நூறு ஆண்டு நீளமுள்ள ஒரு சம்பிரதாயத்தில் வைத்துப் பேசவேண்டிய படத்தை, பெயரிலேயே ரயில் இருக்கிறது என்பதற்காக ஐம்பதுக்குள் சேர்த்திருக்கிறார்கள். 'மூன்றாம் பிறை'யின் இறுதியில் ரயில் யாரையும் கொல்லவில்லை, யாரையும் கடத்தவில்லை. தன்னை அறியாத பெண்ணின் ஜன்னலுக்கு எதிரே ஒருவன் குரங்காட்டம் ஆடிக் காட்டும்போது, கால அட்டவணைப்படி புறப்பட்டுப் போகிறது. உலகம் நம் துக்கத்துக்காக ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காது என்பதற்கு அந்த வண்டியைவிடத் தெளிவான உருவகம் தமிழ்த் திரையில் குறைவு. ஜாபிதாவின் குறிப்பு: 'மலை ரயில் நிலையம், 4 நிமிஷம்.'

இந்த இடத்தில் நம் பழைய மோகம் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. திருச்சியில் ரயில்வே இலாகாவில் வரைபடம் வரையும் உத்தியோகம் பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டுபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையை உதறிவிட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். தமிழ் நாட்டுக்குச் சினிமாவைச் சுமந்து வந்தவர் ஒரு ரயில்வே உத்தியோகஸ்தர்! பின்னாளில் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் மணல் குவித்துச் சாய்ந்து படம் பார்த்த நாங்கள், வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டேஷனுக்கு ஓடியதெல்லாம் 'பெட்டி வந்துவிட்டதா?' என்று கேட்பதற்கு. பாசஞ்சர் வண்டியிலிருந்து இறங்கும் அந்தத் தகரப் பெட்டியைத் தொட்டுப் பார்த்த கை, தீபாராதனைத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கைபோல் வெகுநேரம் ஒரு பிரமையில் இருக்கும். படத்துக்குள் வந்த ரயில்களை அபிமானிகள் எண்ணினார்கள்; ரயிலுக்குள் வந்த படங்களை எண்ண ஒருவருக்கும் தோன்றவில்லை.

வரிசை எண்ணின் மோகம் நம்மவருக்கு மட்டும் உரிய வியாதி அன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். இங்கிலாந்தில் பத்தாண்டுக்கு ஒருமுறை உலக விமரிசகர்களின் வாக்கைத் திரட்டி நடத்தும் தேர்தலில், 1952-இல் 'பைசிகிள் தீவ்ஸ்' முதலிடம் பெற்றது. அன்று முதல் பத்தில்கூட வராத 'சிட்டிசன் கேன்' 1962 முதல் ஐந்து தடவை சிங்காதனத்தில் இருந்தது. 2012-இல் 'வெர்டிகோ', 2022-இல் 'ழான் தீல்மான்'. படங்கள் மாறவில்லை, எண்கள் மாறின. ரூபவாதிகள் போய் யதார்த்தவாதிகள் வந்ததையும், டைரக்டரே கர்த்தா என்றவர்கள் வந்து அவர்களை அகற்றியதையும், பிற்பாடு ஆசிரியன் இறந்துவிட்டான் என்றவர்கள் அந்தக் கர்த்தாவுக்கும் கருமாதி செய்ததையும் இந்த எண்களைக் கொண்டு படிக்கலாம். ஆனால் படிப்பதற்கு, எண்களுக்கு வெளியே எழுதப்பட்ட நெடிய கட்டுரைகள் வேண்டும். பரிசுக் கமிட்டிகளும் நூறு நூல் வரிசைகளும் சிறந்த பத்துச் சிறுகதைகளும் மலிந்த நம் சூழலில், காரணம் சொல்லும் சிரமத்திலிருந்து தப்புவதற்கு எண் ஒரு மறைவிடம் ஆகிவிட்டது. எண்ணுடன் வாதிட முடியாது என்பதனால் அது சபையில் ஜெயித்துவிடுகிறது.

நியாயமான ஒரு கேள்வி எழும்: அபிமானியின் உழைப்புக்கு வேறு உபயோகமே இல்லையா? உண்டு. பிலிம் நியூஸ் ஆனந்தன் என்ற ஒரு மனிதர் இந்நாட்டில் இருந்தார். 1931 முதல் வெளிவந்த தமிழ்ப் படங்களின் விவரங்களையும் புகைப்படங்களையும் தன்னந்தனியாகத் திரட்டி, 2004-இல் புத்தகமாக்கினார்; அவர் சேகரித்தவற்றை அரசாங்கமே வாங்கிக்கொண்டது. தாம் விமரிசகர் என்று அவர் சொல்லிக்கொண்டதாக நாம் கேட்டதில்லை. ஆனால் அவருடைய ஜாபிதா இல்லாமல் தமிழ்ச் சினிமாவைப் பற்றி ஒருவரும் விமரிசனம் எழுத முடியாது. எவை இருந்தன என்று அது சொல்லுகிறது. எவை இல்லாமற் போயின என்பதையும் அதன்மூலமே நாம் அறிகிறோம்.

இல்லாமற் போனவற்றின் ஜாபிதாவை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' இல்லை. தென்னாட்டு மௌனப் படங்களில் இன்று கண்ணாற் காணக் கிடைப்பது, நாகர்கோவில்காரர் ஒருவர் தயாரித்து 1933-இல் வெளிவந்த 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான் என்னும் நிலை. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் திரையிடப்பட்ட 'காளிதாஸ்', தமிழ் பேசிய முதற்படம், ஒரு பிரதியும் அகப்படாமல் மறைந்துவிட்டது. நைட்ரேட் சுருள்கள் தாமாகவே தீப்பிடித்தன. தப்பியவற்றை, அவற்றில் படிந்திருந்த வெள்ளிக்காக உருக்கினார்கள். தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் ஏற்பட்டது 1964-இல்; அதற்குள் ஒரு தலைமுறையின் கனவுகள் சாம்பலாகியிருந்தன. அந்தப் படங்களில் எத்தனையில் ரயில் வந்தது என்று யாருக்குத் தெரியும்?

மறைந்த படங்கள் பலவற்றுக்கு இன்று மிஞ்சியிருக்கும் சாட்சி, கொட்டகை வாசலில் விற்ற மலிவான பாட்டுப் புத்தகம். கதைச்சுருக்கம், நடிகர்கள் பெயர், பாட்டுக்கள், கடைசிப் பக்கத்தில் ஏதாவது ஒரு தலைவலித் தைல விளம்பரம். அவ்வளவுதான், ஆனாலும் ஒரு படம் இருந்தது என்பதற்கு அதுவே போதும். நம் வாசகர்களின் வீட்டுப் பரண்களில் அவை இன்னும் இருக்கக்கூடும். பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடுமுன் எங்களுக்கு ஒரு கார்டு எழுதுங்கள். தபால் செலவை நாங்கள் ஏற்கிறோம். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறோம். ரயில் படங்களைத் திரட்டிய நண்பர்களுக்கும் இதுவே விண்ணப்பம்.