மலைக்காரர் சிறைக்குப் போனால் மாவட்டத்துக்குச் செலவில்லையா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, கள்ளக்குறிச்சிப் பக்கம் சாராயப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாதம் கூடவே வரும். கல்வராயன் மலையில் ஊறல் போடுபவன், கேன் சுமப்பவன், விற்பவன் எல்லோரையும் பிடித்து உள்ளே போடுங்கள்; சோறு போடுவது மாநில அரசின் வேலை; நம் மாவட்டத்துக்குப் பைசா செலவில்லை என்பதே அந்த வாதம். இது பிழையானது. ஏழைகளின் தலையில் பெரும் கடனை ஏற்றிவிட்டு அதைக் கணக்கில் எழுதாமல் விடும் வாதமும்கூட.

ஏட்டளவில் இதற்கு ஆதாரம் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 4ஆம் பதிவில் இருக்கிறது சிறை. ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையில் உள்ள 29 பொருள்களில் அதற்கு இடமில்லை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நிலைமை வேறு. அங்கே வட்டாரச் சிறைக்கு அனுப்பும் கைதிகளுக்காக ஒவ்வொரு கவுண்டியும் நாள் கணக்கில் கட்டணம் கட்டுகிறது. அந்தத் தொகை வரவுசெலவுத் திட்டத்தை நெருக்கும்போது, இவரை இத்தனை நாள் உள்ளே வைக்கத்தான் வேண்டுமா என்று கவுண்டி கேட்டாக வேண்டும். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டமான குண்டர் சட்டத்தில் முதலில் குறிக்கப்படுபவர்களே கள்ளச்சாராயக்காரர்கள்தான். ஆட்சியர் கையெழுத்திட்டால் ஓராண்டு வரை ஒருவரை அடைத்துவைக்கலாம். முடிவு கள்ளக்குறிச்சியில், ஆளைக் கொண்டுபோவது கடலூர் மத்திய சிறைக்கு, செலவு சிறைத்துறைக் கணக்கில். முடிவெடுப்பவர் மேசைக்கு ரசீது வராததால்தான் சிறை மலிவாகத் தெரிகிறது. இந்தக் கோணல் நம் சட்டத்துக்குத் தெரியாததல்ல. உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, கடனாளியைச் சிறையில் வைக்கச் சொல்பவர் அவருடைய பிழைப்புப்படியைத் தாமே கட்ட வேண்டும். கட்டத் தவறினால் கடனாளி வெளியே வந்துவிடுவார். கடன் வழக்கில் இருக்கும் இந்தப் பொறுப்பு, குற்ற வழக்கில் அடைக்கப்படும் கூலிக்காரர் விஷயத்தில் யாருக்கும் இல்லை.

உண்மையான ரசீது போய்ச் சேரும் இடம் மலையிலுள்ள வீடு. வெள்ளிமலையிலிருந்து கடலூருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒருமுறை மனு போட்டுப் பார்த்து வர ஒரு பெண்ணுக்கு ஒருநாள் கூலி போகும், பஸ் காசும் போகும். வக்கீல் கட்டணம் தனி. ஜாமீன் கிடைத்த பிறகும் ஜாமீன்தாரர் சொத்து காட்ட வேண்டும். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. தலைமுறைகளாக உழுத நிலத்துக்குப் பட்டா இல்லாத மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் இன்றும் ஏராளம். அவர்கள் எந்தச் சொத்தைக் காட்டுவார்கள்? மோதிராம் என்ற ஏழைக் கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டு, வேறு மாவட்டத்தில் சொத்துள்ள அவருடைய சகோதரரின் உத்தரவாதத்தையும் மறுத்ததை 1978இலேயே நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்தார். நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் இன்னும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதிகள் என்கிறது 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு. செம்மரக் கடத்தல் வழக்குகளில் ஆந்திரச் சிறைகளுக்குப் போன மலைக்காரர்களின் வீடுகளுக்கு இந்தச் சுமை இன்னும் கூடுதல். 2013இல் சேஷாசலம் காட்டில் இரண்டு வனத்துறை அலுவலர்கள் கொல்லப்பட்ட வழக்கில், பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கூலிகளான இருநூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் திருப்பதி நீதிமன்றம் 2016இல் விடுதலை செய்தது. இழந்த இரண்டாண்டுக் கூலியை எந்த அரசும் திருப்பித் தரவில்லை.

அப்படியென்றால் கைதியே தன் சாப்பாட்டுக்குப் பணம் கட்டட்டுமே என்பார்கள் சிலர். பட்டா இல்லாதவரிடமும் ஜாமீன் கட்ட முடியாதவரிடமும் அதை வசூலிப்பது, வெளியே வரும் நாளில் அவரை மீண்டும் சாராய முதலாளியிடமே கடனுக்கு அனுப்பும். சிறைப் பயம் இல்லாவிட்டால் சாராயம் ஆறாக ஓடும் என்பது அடுத்த ஆட்சேபம். குண்டர் சட்டம் நாற்பதாண்டுக்கு மேலாக நடப்பில் இருக்கும்போதுதான் மாவட்டத் தலைநகருக்குள்ளேயே கருணாபுரம் நடந்தது. அங்கே கொன்றது மெத்தனால். அது ஆலைகளுக்குப் போகும் ரசாயனம்; மலையில் வெல்லமும் பட்டையும் போட்டு ஊறவைத்து வடிப்பதல்ல. இனி அப்படி உயிர் போக்கும் சாராயம் விற்பவர்களுக்கு 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆயுள் தண்டனையும் குறைந்தது பத்து லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. அதில் தயவு காட்டச் சொல்லவில்லை. கேன் சுமந்தவரையும் விஷம் விற்றவரையும் ஒரே வரிசையில் நிறுத்தும்போது, பெரிய குற்றவாளியைத் தேடும் கையும் காசும்தான் குறைகின்றன.

செலவை மாவட்டத்தின் தலையில் கட்டினால் ஆபத்தானவர்களையும் விட்டுவிடுவார்களே என்ற அச்சம் மட்டும் நியாயமானது. அதனால்தான் மாவட்டமே பணம் கட்ட வேண்டும் என்று கேட்கவில்லை. கணக்கு வைக்க வேண்டும் என்று கேட்கிறேன். அதற்கான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. ஏழைக் கைதிகளுக்கான ஒன்றிய அரசின் 2023ஆம் ஆண்டுத் திட்டத்தில், விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரையிலும், தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரையிலும் பணம் தர அப்போது வகை செய்யப்பட்டது. முடிவெடுப்பது ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளரும் இருக்கும் மாவட்டக் குழு. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதி, அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை உள்ளே கழித்துவிட்டால், சில விலக்குகள் தவிர அவரை ஜாமீனில் விடச் சொல்கிறது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு. கள்ளக்குறிச்சி ஆட்சியர் ஒவ்வொரு மாதமும் மூன்று எண்களை வெளியிடட்டும்: மாவட்டத்தார் எத்தனை பேர் எத்தனை நாளாகத் தண்டனையின்றி அடைபட்டிருக்கிறார்கள், ஜாமீன் கிடைத்தும் பணமில்லாமல் உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர், அந்தக் குழு எத்தனை பேருக்குப் பணம் கொடுத்தது. சட்டமன்ற உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் அந்த எண்களைக் கேட்டு வாங்க வேண்டும்.