வேக லொறியும் வேகும் எண்ணெயும்

கனடாவிலிருந்து எமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எம்மிடம் பௌதிகம் பயின்ற பழைய மாணவர். பல ஆண்டுகள் இரவுப் பணி செய்து சேர்த்த பணத்தில், இளமையிலே படத்தில் மட்டும் கண்டு ஏங்கிய ஒரு லொறியை அவர் அங்கே வாங்கியிருக்கின்றார். வாங்கி ஆறு மாதம் ஆகுமுன்னரே அதன் தானியங்கிக் கியர்ப் பெட்டி எரிந்து போயிற்று.

"புதுப்பித்துத் தருவதற்குக் கேட்கும் தொகை என்னுடைய மூன்று மாதச் சம்பளம், ஐயா. அதைக்கூடக் கொடுத்துவிடுவேன். ஆனால் மறுபடியும் ஆறு மாதத்தில் இதே கதையென்றால் வண்டியை விற்றுவிடும்படி மனைவி சொல்கின்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கின்றது. பெட்டியை நீண்டகாலம் உழைக்க வைக்க வழி உண்டா?" என்பது அவர் வினா.

நாம் பௌதிகம் கற்பிப்பவரேயன்றி மோட்டார்த் திருத்துநர் அல்லோம். ஆயினும் இவ்வினா பெரிதும் வெப்பத்தைப் பற்றியது. ஆதலின் எம் எல்லைக்குள் வருவதே. எம் நாட்டு வீதிகளிலும் இன்று தானியங்கிக் கியர் கொண்ட வான்களும் கார்களும் மலிந்துவிட்டன. வாசகர் பலரின் வீட்டு முற்றத்திலும் அத்தகைய ஒரு பெட்டி நிற்கின்றது. ஆகவே அவருக்கு எழுதிய விடையை இங்கு விரித்து எழுதுகின்றோம்.

லொறி என்றதும் நெல்மூட்டை ஏற்றிச் செல்லும் பெருவண்டியை எண்ணுதல் வேண்டா. அமெரிக்கர் 'பிக்அப்' என்று கூறும், பின்புறம் திறந்த சிறு வண்டி அது. 1991 இல் வெளிவந்த ஜீ.எம்.சீ. சைக்ளோன் என்பது அதன் பெயர். அவ்வாண்டில் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகவே செய்யப்பட்டது. 4.3 லீற்றர் கொள்ளளவும் ஆறு சிலிண்டரும் கொண்ட எஞ்சினுடன், காற்றை அமுக்கி உட்செலுத்தும் டேர்போவைச் சேர்த்து, 280 குதிரைவலு தரும்படி அமைத்தனர். வலு நான்கு சக்கரங்களுக்கும் சென்றது. அவ்வாண்டில் ஓர் அமெரிக்க மோட்டார்ச் சஞ்சிகை இவ்வண்டியையும் இத்தாலியப் பெராரி 348 காரையும் கால் மைல் தூரம் ஓட்டிப் பார்த்தது. லொறியே முந்தியது! ஆனால் இதில் 500 இறாத்தலுக்கு மேல் ஏற்றவேண்டா என்று செய்தவர்களே கூறிவிட்டனர். மூன்று நெல்மூட்டையுடன் சரி. லொறியின் வடிவில் வந்த ஓட்டப் பந்தயக்காரன் என்று கொள்க.

இவ்வளவு வலிய எஞ்சினுக்குப் பின்னால் வைக்கப்பட்ட கியர்ப் பெட்டியோ இதற்கெனப் பிறந்ததன்று. 1982 முதல் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தார் தம் சாதாரண கார்களிலும் சிறு லொறிகளிலும் பொருத்திவந்த நான்கு கியர்ப் பெட்டியே அது. 700ஆர்4 என முதலிலும் 4எல்60 எனப் பின்னரும் பெயர் பெற்றது. கன்றுக்குட்டியின் கயிற்றிலே காளையைக் கட்டியது போன்ற ஏற்பாடு. கட்டியவர் கவனமாக இருக்கும்வரை கயிறு அறாது; கவனம் தவறிய நாளிலே அறும். எம் மாணவருக்கு நேர்ந்ததும் அதுவே.

தானியங்கிப் பெட்டியின் வாயிலில் இருப்பது முறுக்கம் மாற்றி என்னும் கருவி. சுழலும் மின்விசிறி ஒன்றின் எதிரே ஓடாத விசிறி ஒன்றை வைத்தால், முதலாவது தள்ளும் காற்றினால் இரண்டாவதும் சுழலத் தொடங்குவதைக் காணலாம். காற்றுக்குப் பதிலாக எண்ணெயையும், இரு விசிறிகளுக்கு இடையே எண்ணெயின் திசையைத் திருப்பி விடும் மூன்றாவது அலகுச் சக்கரத்தையும் வைத்தால் முறுக்கம் மாற்றி கிடைத்துவிடும். இதை அமைத்தவர் பேட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர். 1905 இல் அவர் இதற்கு உரிமம் பெற்றது மோட்டார் வண்டிக்காக அன்று. நீராவிக் கப்பலின் சுழலியை அதன் உந்தியோடு இணைப்பதற்காக.

எண்ணெயால் இணைவதனால் இரு விசிறிகளும் ஒரே கதியிற் சுழல்வதில்லை. ஒன்று முந்தும், மற்றது பிந்தும். இந்த நழுவலே வண்டி மெல்லெனப் புறப்படுவதற்குக் காரணம். வெப்பத்திற்கும் அதுவே காரணம். எஞ்சின் தரும் வலுவில் சக்கரத்தைச் சென்றடையாத பகுதி எங்கும் மறைந்துவிடுவதில்லை, எண்ணெயைச் சூடாக்குகின்றது.

மாணவர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். இத்தகைய வண்டிகளை வேகமாகப் புறப்படச் செய்ய விரும்புவோர், இடக்காலால் பிறேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலக்காலால் அக்சிலேற்றரை மிதித்து, டேர்போவில் அமுக்கம் ஏறிய பின்னர் பிறேக்கை விடுவதுண்டு. வண்டி நிற்கின்றது; ஆதலின் எஞ்சின் தரும் வலு முழுவதும் வெப்பமே. அது 50 குதிரைவலு மட்டுமே என்று கொள்வோம். ஏறக்குறைய 37 கிலோவாற்று ஆகும். பெட்டியில் உள்ள எண்ணெய் சுமார் பத்து லீற்றர். திணிவு எட்டரைக் கிலோகிராம். எண்ணெயின் தன்வெப்பம் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 2 கிலோயூல். வகுத்துப் பார்த்தால், ஒவ்வொரு செக்கனுக்கும் வெப்பநிலை இரண்டு பாகைக்கு மேல் ஏறும் என்பது தெரியவரும். பத்துச் செக்கனில் இருபது பாகை. அதுவும் எண்ணெய் முழுவதும் ஒருசேரச் சூடாவதாகக் கொண்ட கணக்கு. முறுக்கம் மாற்றிக்குள் அகப்பட்ட சில லீற்றர் இதனினும் விரைவாகக் காயும்.

எண்ணெய் காய்ந்தால் என்ன கெடும்? இப்பெட்டியில் எண்ணெய் வெறும் மசகு அன்று. வலுவைக் கடத்துவது அது. வால்வுகளின் வழியே சென்று கியரை மாற்றும் கையும் அதுவே. வெப்பத்தைச் சுமந்து சென்று வெளியேற்றுவதும், கிளச்சுத் தட்டுகள் அதிராமலும் வழுக்காமலும் ஒன்றையொன்று பற்றும்படி செய்வதும் அதன் பணிகள். இக்கடைசிப் பணிக்காக ஒரு காலத்தில் இதில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெயையும் கலந்தனர். எம் திருகோணமலைக் கடலிலும் காணப்படும் அப்பெரு விலங்கை, அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் 1970 இல் அமெரிக்கா சேர்த்தபின், இரசாயனவியலாளர் வேறு பொருள் தேட நேர்ந்தது. கடலிலே மூழ்கிக் கணவாய் தின்னும் ஒரு விலங்குக்கும் சிக்காகோ வீதியில் ஓடும் காருக்கும் இப்படியொரு தொடர்பு இருந்ததை நினைக்க வியப்பாகவே இருக்கின்றது.

வெப்பம் மிகுந்தால் எண்ணெய் ஒட்சியேறிக் கறுக்கும்; பிசின் போன்ற படலம் வால்வுகளிற் படியும்; இறப்பர் முத்திரைகள் இறுகும்; இறுகிய வழியே அமுக்கம் கசியும்; அமுக்கம் குறைந்த தட்டுகள் நழுவும்; நழுவல் மேலும் வெப்பத்தைத் தரும். தொழிலாளர் கைக்கணக்காக ஒன்று கூறுவர்: எண்பது பாகை செல்சியசு அளவில் ஓடும் எண்ணெய் 160,000 கிலோமீற்றர் உழைக்குமாயின், அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு பதினொரு பாகைக்கும் அவ்வாயுள் பாதியாகக் குறையும். 113 பாகையில் 20,000 கிலோமீற்றரே எஞ்சும். துல்லியமான விதியன்று, ஆயினும் மனத்தில் வைக்கத் தக்க அளவு.

இனி எம் மாணவரின் வண்டிக்கு வருவோம். அவர் எழுதிய நீண்ட கடிதத்தில் ஒரு வரி எம்மை நிறுத்திற்று. பெட்டி எரிவதற்கு ஒரு மாதத்தின் முன்னர், எஞ்சினுக்குக் காற்று விடும் வாயிற் பகுதியைக் கழற்றித் துப்புரவு செய்வித்தாராம். "அதன் பிறகு கியர் மாறுவதே தெரியவில்லை, ஐயா. வெண்ணெயில் கத்தி போவது போல இருந்தது. கராஜ்காரரை மெச்சிக்கொண்டேன்" என்று எழுதியிருந்தார்.

அந்த வெண்ணெய்தான் நஞ்சு.

அக்காலத்து 4எல்60 பெட்டியில் மின்மூளை இல்லை. காற்று வாயிலிலிருந்து ஒரு மெல்லிய கேபிள் பெட்டிக்குள் இறங்குகின்றது. அக்சிலேற்றரை மிதிக்கும் அளவுக்கு அக்கேபிள் இழுபட்டு, 'எஞ்சின் இவ்வளவு வலிந்து இழுக்கின்றது. அதற்கேற்ப அமுக்கத்தை உயர்த்துக' என்று பெட்டிக்குச் செய்தி சொல்லும். கேபிள் சற்றே தளர்ந்திருந்தாலும் செய்தி குறைத்துச் சொல்லப்படும். எஞ்சின் முழு மூச்சுடன் இழுக்க, தட்டுகளோ அரைப் பிடியில் நிற்கும். கியர் உரிய காலத்திற்கு முன்னரே, மெத்தென்று, நீண்டு மாறும். உள்ளே இருப்பவருக்கு அது சுகம். தட்டுகளின் மேற்பரப்போ காகிதம் போன்ற நார்ப்பொருளால் ஆனது. ஒவ்வொரு சுகமான மாற்றத்திலும் அது தீய்கின்றது. மூன்றாம், நான்காம் கியர்களுக்குரிய தட்டுகளே இப்பெட்டியில் முதலிற் பலியாவன.

கேபிளைப் பார்க்கும்படி உடனே எழுதினோம். பெட்டியைப் பிரித்தவர் மூன்று நான்குக்குரிய தட்டுகள் கரியாய்க் கிடந்தன என்றும், கேபிள் தளர்ந்தே இருந்தது என்றும் சொன்னாராம். அதைச் சரிசெய்ய ஐந்து நிமிடமும் ஆகாது. கேபிளின் மேல்முனையில் ஒரு சிறு பொத்தான் உண்டு. அதை அழுத்தி வழுக்கியைப் பின்னே தள்ளிவிட்டு, காற்று வாயிலை முழுவதும் திறந்தால், கேபிள் தானே தன் சரியான நீளத்தில் வந்து நிற்கும். ஐந்து நிமிட வேலை மறக்கப்பட்டதன் விலை மூன்று மாதச் சம்பளம்.

புதுப்பிக்கும்போது செய்யவேண்டியவை சில. முதலாவது, பலர் மறப்பது: பழைய எண்ணெய்க் குளிராக்கியையும் அதன் குழாய்களையும் மாற்றுக, அன்றேல் நன்கு கழுவுக. எரிந்த தட்டுகளின் தூள் அங்கே ஒளிந்திருக்கும். புதிய பெட்டி ஓடத் தொடங்கியதும் அது திரும்பி வந்து புகும். 'புதுப்பித்தும் நிலைக்கவில்லை' என்ற முறைப்பாடுகள் பலவற்றின் மூலம் இதுவே. முறுக்கம் மாற்றியையும் அவ்வாறே மாற்றுதல் நன்று.

அடுத்து, மூன்று நான்குக்குரிய தட்டுகளின் தொகையைக் கூட்டலாம். இரண்டாம் கியரின் பட்டியை இறுக்கும் பிஸ்டனுக்குப் பதிலாக, கோர்வெட் காருக்கெனச் செய்த அகன்ற பிஸ்டனை இடும் வழக்கமும் உண்டு. விசை என்பது அமுக்கத்தைப் பரப்பினால் பெருக்கியது என்ற பாடம் இங்கே உதவுகின்றது: அமுக்கம் அதுவேயாயினும் பரப்பு கூடப் பிடி கூடும். ஆனால் எஞ்சினின் வலுவை மேலும் உயர்த்தும் ஆசையை இப்போதைக்கு அடக்கிக்கொள்ளும்படி தம்பிக்கு எழுதினோம்.

எண்ணெய் வழக்கமாக றேடியேற்றரின் தொட்டிக்குள் சென்று குளிர்ந்து திரும்பும். அதன்பின் காற்றுப்படும் இடத்தில் இன்னொரு சிறு குளிராக்கியைத் தொடுத்தல் வேண்டும். கனடாவின் மாரியில் எண்ணெய் அளவு மீறிக் குளிர்ந்து தடித்துப் போகாமல், குளிர்ந்த எண்ணெயை விலக்கி விடும் வால்வு ஒன்றும் அதனுடன் இருக்கட்டும். சாரதியின் கண்முன் ஒரு வெப்பமானியும் வேண்டும். காய்ச்சலை அளவாமல் மருந்து கொடுப்பதெங்ஙனம்?

எண்ணெயின் வகைக்கு அன்று விதித்தது டெக்ஸ்ரன் 2. 2005 இல் வந்த டெக்ஸ்ரன் 6 அதற்குப் பதிலாக ஏற்றது என்று நிறுவனத்தாரே அறிவித்துள்ளனர். வீட்டில் வான் வைத்திருப்போர் இதைப் பார்த்து அதே எண்ணெயை வாங்கி ஊற்றிவிட வேண்டா; ஒவ்வொரு பெட்டிக்கும் கையேடு கூறும் எண்ணெயே உரியது. அடித்தட்டைக் கழற்றினால் பத்து லீற்றரில் பாதிக்குச் சற்றுக் குறைவே வெளிவரும். எஞ்சியது முறுக்கம் மாற்றிக்குள் நின்றுவிடும் என்பதையும் அறிக. சைக்ளோன் போன்ற வண்டிக்கு 25,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது மிகையாகாது என்பது எம் கருத்து. எண்ணெயின் மட்டத்தைச் சமதரையில், வண்டி நன்கு ஓடிச் சூடேறியபின், 'பார்க்' நிலையில் எஞ்சினை ஓடவிட்டபடியே பார்த்தல் வேண்டும். குளிர்ந்த வண்டியிற் பார்த்துவிட்டுக் குறைகிறதென்று ஊற்றுவோர் உளர். மிகுந்த எண்ணெயைச் சக்கரங்கள் கடைந்து நுரையாக்கும்; நுரையில் அமுக்கம் நில்லாது.

ஓட்டும் முறையைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. பிறேக்கைப் பிடித்து வலுவேற்றும் விளையாட்டை விடுக. பின்னோக்கி உருளும்போதே முன்கியருக்கு மாற்றற்க. பனியிற் புதைந்தால் முன்னும் பின்னும் மாற்றி மாற்றி மிதித்து ஆட்டுவது அங்கு பலரும் செய்வது. சில நிமிடங்களில் எண்ணெயைக் கொதிப்பேற்ற அதனினும் எளிய வழி இல்லை. மண்வெட்டியே மலிவு.

பெட்டி பூட்டப்பட்டு ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும், நாம் கேட்டபடி அடித்தட்டைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். தட்டிலுள்ள காந்தத்தின்மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய சேறு. "கெட்டுப் போயிற்றா, ஐயா?" என்று கேட்டிருந்தார். புதிய பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் நுண்தூள் அது. விரலால் தேய்த்தாற் பசைபோல் இருக்கவேண்டும், நறுநறுக்கக் கூடாது என்று எழுதினோம். தேய்த்துப் பார்த்தாராம்; பசைதான். வெப்பமானி 85 பாகையைத் தாண்டவில்லையாம். கியர் மாறும்போது இப்போது முதுகிலே சிறு தட்டுப் படுகின்றதென்றும், மனைவிக்கு அது பிடிக்கவில்லையென்றும் எழுதியிருக்கின்றார்.