"சாப்பிடுகிறானா?" என்னும் வினா

அடிசில் என்பது உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என்னும் நால்வகை உணவுக்கும் பொதுப்பெயர். ஆதலின் 'அடிசில் உண்டார்' என ஒன்றற்குரிய வினையால் முடித்தல் வழுவாம். 'அயின்றார்' எனப் பொதுவினை கொடுத்தல் வேண்டும். தொல்காப்பியக் கிளவியாக்கத்து வரும் இவ்விதியை முப்பது ஆண்டுகளாக மாணாக்கருக்குச் சொல்லி வருகிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது சென்ற ஆண்டில், என் தமக்கை வீட்டில்.

தமக்கையின் பேரன் நான்கு வயதினன். அவனுக்கு ஓட்டிசம் என்றனர் வைத்தியர். (தமிழ்நாட்டார் இதனை மதியிறுக்கம் என்பர். அச்சொல் எனக்கு உவப்பாயில்லை. ஈழத்தில் வழங்கும் ஒலிபெயர்ப்புப் பிள்ளையின் மதியைப் பற்றி ஒன்றும் சொல்லாமலாவது நிற்கின்றது.) அவன் உண்பது வெள்ளை அரிசிமாப் புட்டு, அதுவும் உதிரியாக, தன்னுடைய நீலக் கோப்பையில். சொதி ஒரு துளி பட்டாலும் எழுந்து ஓடுவான். "செல்லங் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்று கடிந்து, நானே புட்டைச் சொதியிற் குழைத்து ஊட்டப் புகுந்தேன். "தம்பி, அவனை விடு. அவன் பயந்துதான் மாட்டன் எண்டுறான்" என்றார் தமக்கை. நான் கேட்கவில்லை. பிள்ளை ஓங்காளித்து வாந்தியெடுத்தான். அன்று தொட்டு ஏழு வாரம் புட்டையும் தொட்டானில்லை; பாலும் ஒருவகை பிஸ்கட்டுமே அவனைக் காத்தன.

லியோ கானர் என்னும் வைத்தியர் 1943 இல் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இவ்வுணவுச் சிக்கல் பேசப்பட்டுள்ளது. புறவுலகிலிருந்து குழந்தையிடம் முதலில் வலிந்து புகுவது உணவே என்பது அவர் கருத்து. மணமும் சுவையும் பதமும் நமக்குத் தோன்றுவதினும் பன்மடங்கு மிக்குத் தோன்றும் பிள்ளைகள் இவர்கள். மெல்லும் ஆற்றற் குறைவும் இருக்கலாம். பல்வலி, மலச்சிக்கல், நெஞ்செரிவு இருக்கலாம். 'வயிறு வலிக்கிறது' என்று சொல்ல மொழியில்லாத பிள்ளைக்கு மறுத்தலே மொழி. அதைப் பிடிவாதம் என்று நான் பொருள் கொண்டது தவறான உரை.

நிறை சரியாயிருந்தாற் போதும் என்று பலர் அமைகின்றனர். பதிவேட்டில் வளர்ச்சிக் கோடு ஒழுங்காய் ஏறும். உள்ளே சத்துக் குறைந்திருக்கும். சில உணவுகளையே கொண்ட இத்தகைய பிள்ளைகள் கால்வலியால் நடக்க மறுத்து, உயிர்ச்சத்து 'சி' குறைவினால் வரும் ஸ்கேவி நோயென்று பின்னர் அறியப்பட்ட செய்திகள் மருத்துவ இதழ்களில் உள. ஆதலின் வைத்தியர் உடலை நோக்க வேண்டும். பேச்சுச் சிகிச்சையாளர் பிள்ளை மெல்வதையும் விழுங்குவதையும் பந்தியில் அருகிருந்து காண வேண்டும். வீட்டார் மூன்று நாளேனும் உண்டதை உள்ளவாறு குறித்து வைக்க வேண்டும்.

இங்கேதான் தமிழாசிரியனாகிய எனக்கு ஒரு வழக்கு உண்டு. அமெரிக்காவில் 2008 இல் வெளிவந்த 18 வினாக்கொண்ட பட்டியல் போன்றவை பயனுள்ளவையே. ஆனால் அவை பிறந்த பந்தி வேறு. அங்கே பிள்ளை தானே கரண்டி பிடிக்கும். இங்கே பள்ளிக்குப் போகும் வயதிலும் தாய் குழைத்து உருட்டி ஊட்டுகிறாள். இன்று கைத்தொலைபேசியைக் காட்டியும் ஊட்டுகிறாள். புறநானூற்றின் 188 ஆம் பாட்டில் அறிவுடைநம்பி காட்டும் குழவி நெய்ச்சோற்றில் கையிட்டு மேனியெல்லாம் பூசிக்கொள்கிறது. நம் பிள்ளை ஈரச்சோற்றைத் தொடுமா, தொடாதா என்பது ஊட்டும் கைக்குத் தெரியவே வராது.

"சாப்பிடுகிறானா?" என்று தாயைக் கேட்டால், "ஓம், சாப்பிடுறான்" என்பாள். பொதுவினைக்குப் பொதுவிடை. உதிரிப் புட்டா, குழைத்த புட்டா? இடியப்பம் சொதியோடா, வெறுமையாகவா? கூழிற் கிடக்கும் மீன் துண்டை எடுத்தெறிகிறானா? மொறுமொறு, கொழகொழ, சொதசொத, வழுவழு என வாயறியும் பதங்களுக்கு இத்தனை இரட்டைக்கிளவிகள் வைத்திருக்கும் மொழியில், பாணையும் சீஸையும் பற்றிய மொழிபெயர்ப்பு வினாக்களை ஏன் நீட்ட வேண்டும்? சிகிச்சையாளரும் ஆசிரியரும் தாய்மாரும் ஒருங்கிருந்து, யாழ்ப்பாணத்து அடுப்படியை வைத்து ஒரு வினாநிரல் எழுதுதல் இயலாத காரியமன்று. எழுதிய பின் அதைப் பல பிள்ளைகளிடத்துச் சோதித்துச் செப்பஞ்செய்வது சிகிச்சையாளர் பணி. சொல் தருவது எங்கள் பணி.

பேரன் இப்போது புட்டு உண்கிறான். சொதியை வேறொரு சிறு கிண்ணத்தில் அவன் அருகே வைக்கிறோம், எவரும் வற்புறுத்துவதில்லை. சென்ற வாரம் அதில் ஒரு விரல் நுனியைத் தோய்த்தான். உடனே என் வேட்டியில் துடைத்துவிட்டான்.